புழுதிப் புயல்

முகம் தெரியாத ஒரு மனிதரை நான் ஒருமுறை மனதாரத் திட்டியிருக்கிறேன். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்தவரல்ல. உண்மையில், அன்றிரவு என் உயிரைக் காப்பாற்றியவர் அவராகவே இருக்கலாம். அந்த விஷயம் எனக்குப் பல வாரங்கள் கழித்துத்தான் உறைத்தது.

டில்லியில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போய்விட்டு ஆகாய விமானத்தில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதத்து அடைமழை. மறுநாள் விடியற்காலையில் என் பால்ய சிநேகிதன் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நான் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே டெலிபோனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். விமானம் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. மழைத் திரை விலகிய ஒரு கணத்தில் தெரு விளக்குகள் கூடக் கண்ணில் பட்டன. சக்கரங்கள் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. ஊர் வந்துவிட்டது என்று செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷம் இயந்திரங்கள் பெருங்குரலெடுத்து அலறின. விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் வானத்தில் ஏறிவிட்டது.

ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை என்று விமானி அறிவித்தார். இன்னொரு முறை முயன்று பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை. பிறகு பெங்களூருக்குப் போய் இறக்கிவிட்டார். பக்கத்து ஆசனத்தில் ஒரு ஜவுளி வியாபாரி. "பயந்தாங்கொள்ளி சார்! இவரை விட அனுபவசாலியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கியிருப்பார்" என்றார். நானும் ஆமாம் போட்டேன். ஆமாம் போட்டதோடு நில்லாமல் என் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோபம் மார்கழி முடியும் வரையில் என் மனத்தில் இருந்தது. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போதுதான் அது போயிற்று.

எங்கள் ஊர் கோயமுத்தூர்ப் பக்கம். பாட்டனார் பஞ்சாலைத் தொழிலாளி. அவருடைய தகரப் பெட்டி ஒன்று அட்டத்தில் வெகு காலமாகக் கிடந்தது. சுண்ணாம்பு அடிப்பதற்காக அதை இறக்கி வைத்துத் திறந்தேன். அடியில் பழைய பத்திரிகைத் தாள் ஒன்று விரித்திருந்தது. மஞ்சள் பாய்ந்து, மடிப்பில் இற்றுப்போன தாள். 1973-ம் வருஷம், ஜூன் மாதத்து ஆரம்பம். கரிந்து நொறுங்கிக் கிடந்த ஒரு விமானத்தின் படம் அதில் இருந்தது. குப்பை என்று எண்ணிக் கசக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங் கண்ணு, அதெ எறிஞ்சு போடாதே. பெட்டிக்கு விரிக்கப் போட்டதில்லே அது. உங்க தாத்தா எடுத்து வெச்சது. நம்ம எம்.பி. அதிலே போனவரு."

டீக்கடை ரேடியோவில் அந்தச் செய்தி கேட்ட காலையை அப்பா சொன்னார். ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளிகள் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்களாம். யாரும் வீட்டுக்குப் போகவில்லையாம். பாட்டனார் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். தாளை விளக்கடியில் வைத்துப் படித்தேன். அதற்குப் பிறகு அந்தச் சம்பவத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். வாசகர்களுக்கு நான் சொல்லப்போவது அந்தக் கதையைத்தான். கதை என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். இதில் என் கற்பனை ஒன்றும் கிடையாது.

1973-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி, வியாழக்கிழமை. இந்தியன் ஏர்லைன்ஸின் 440-ம் எண் விமானம் சென்னையிலிருந்து டில்லிக்குப் புறப்பட்டது. போயிங் 737 வகையைச் சேர்ந்த ஜெட் விமானம். 'சாரங்கா' என்று அதற்குப் பெயர். அந்த நாளில் இந்தியன் ஏர்லைன்ஸிடம் இருந்த விமானங்களில் புதிய வகை அது. விமான ஊழியர்களையும் சேர்த்து அதில் 65 பேர் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் விமானப் பிரயாணம் இப்போது போல எல்லோருக்கும் எட்டுவதாக இருக்கவில்லை. சென்னையிலிருந்து டில்லிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கார் அதிகாரிகள், பெரிய கம்பெனிக்காரர்கள், பார்லிமெண்டு அங்கத்தினர்கள், வெளிநாட்டார். ஆகவே ஒரு விமானம் விழுந்தால் ஒரே நாளில் பல இடங்களில் பல நாற்காலிகள் காலியாகிவிடும். அன்றைய விமானத்தில் பஞ்சாபின் முன்னாள் முதல் மந்திரி குர்னாம் சிங் இருந்தார். ராஜ்ய சபையில் அங்கத்தினராக இருந்த கேரளத்துத் தேவகி கோபிதாஸ் இருந்தார். அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்கு மிகவும் வேண்டிய இரண்டு பேரும் அதிலேதான் இருந்தார்கள். ஒருவர் மத்திய சர்க்காரின் உருக்கு, சுரங்க மந்திரி மோகன் குமாரமங்கலம். மற்றவர் எங்கள் கோயமுத்தூரின் லோக் சபை அங்கத்தினர் கே. பாலதண்டாயுதம்.

இந்த இருவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மோகன் குமாரமங்கலம் 1916-ல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் டாக்டர் பி. சுப்பராயன், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலத்தின் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரையில் சென்னை ராஜதானியின் முதன் மந்திரியாக இருந்தவர். தமையனார் ஒருவர் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். மோகன் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். அங்கே மாணவர் பேரவையின் தலைவராக 1938-ல் தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்படிப்பட்ட பிள்ளை தாய்நாடு திரும்பி வந்து பாரிஸ்டராகப் பொருள் ஈட்டுவான் என்றுதானே யாரும் எதிர்பார்ப்பார்கள்? அவர் கம்யூனிஸ்டாக வந்து சேர்ந்தார். இரண்டாவது உலக யுத்த காலத்தில் சர்க்கார் தொடுத்த சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி முதலியவர்களோடு அவரும் ஒரு குற்றவாளியாகக் கூண்டில் நின்றார்.

பாலதண்டாயுதத்தின் வாழ்க்கை வேறு விதமானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே அரசியலில் இறங்கியவர். சுதந்திரத்துக்குப் பிறகு கம்யூனிஸ்டுகளின் மேல் தொடுக்கப்பட்ட நெல்லைச் சதி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். மனிதனுடைய நல்ல பருவம் என்று நாம் சொல்லும் வருஷங்களை அவர் சிறையில் கழித்தார். அந்த அனுபவத்தை 'ஆயுள் தண்டனை அனுபவங்கள்' என்ற புத்தகமாகவும் எழுதினார். அவர் மேடையில் பேசினால் மில் வாசலில் ஊசி விழுந்தாலும் கேட்குமாம். அப்பா அப்படித்தான் சொல்கிறார்.

இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே கட்சித் தோழர்கள். அறுபதுகளில் பாதை பிரிந்தது. மோகன் குமாரமங்கலம் 1966-ல் சென்னை ராஜ்யத்தின் அட்வகேட் ஜெனரலானார். பிறகு காங்கிரஸில் சேர்ந்து, 1971 தேர்தலில் புதுச்சேரியிலிருந்து லோக் சபைக்குப் போய் மந்திரியானார். பாலதண்டாயுதம் பழைய கட்சியிலேயே இருந்தார். அதே 1971 தேர்தலில் கோயமுத்தூரிலிருந்து லோக் சபைக்குப் போனார். ஒருவர் ஆளும் கட்சியின் வரிசையில் உட்கார்ந்தார், மற்றவர் எதிர்வரிசையில். மே மாதம் 31-ந் தேதி இரவு ஒரே கூரையின் கீழே இருவரும் பறந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மே மாதம் அரசியலில் சூடு நிறைந்த மாதம். கேசவானந்த பாரதி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு ஏப்ரல் 24-ந் தேதி வெளியாயிற்று. அடுத்த நாளே மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ. என். ராயைத் தலைமை நீதிபதியாகச் சர்க்கார் நியமித்தது. நாடெங்கும் வக்கீல்கள் கொதித்தார்கள். சர்க்காரின் தரப்பை எடுத்து லோக் சபையில் வாதாடியவர் மோகன் குமாரமங்கலம்தான். நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் வேலையும் அவர் பொறுப்பில் நடந்தது. அவரைப் புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப் போனார்கள்: இந்திரா காந்தியின் சர்க்காரில் அவரைப் போன்ற மூளை வேறு கிடையாது என்பதுதான் அது.

இனி டில்லிக்குப் போவோம்.

டில்லியின் விமான நிலையத்துக்கு அப்போது பாலம் என்று பெயர். பாலம் என்றதும் ஆற்றைக் கடக்கும் பாலம் நமக்கு நினைவு வரும். அது அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயர். 1986-ல்தான் அந்த நிலையத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் வந்தது.

வட இந்தியாவின் கோடையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மே மாதக் கடைசியில் ராஜஸ்தானத்துப் பக்கமிருந்து 'லூ' என்ற அனல் காற்று வீசும். பகலெல்லாம் பூமி கொதிக்கும். மாலையானதும் சில நாட்களில் மேற்கு வானத்தில் காவி நிறத்தில் ஒரு சுவர் எழும்பும். அதுதான் 'ஆந்தி' என்று அவர்கள் சொல்லும் புழுதிப் புயல். ஆகாயத்தில் வெகு உயரத்துக்குக் குவிந்த இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று அருவியைப் போலக் கீழே விழுகிறது. தரையில் மோதி நாலா பக்கமும் சிதறி ஓடுகிறது. மழை கண்டிராத காய்ந்த மண்ணை வாரியெடுத்துக்கொண்டு முன்னே பாய்கிறது. பல மைல் வரையில் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்த இடம் சில நிமிஷத்தில் எதிர்வீடு தெரியாத இடமாகிவிடும். பின்னாலேயே மழையும் வந்து சேர்ந்தால் புழுதியும் நீரும் ஒன்றாய்க் கலந்து கண்ணை மறைக்கும். அன்றிரவு பாலத்தில் அப்படிப்பட்ட புயல் வந்திருந்தது.

கண் தெரியாத இருட்டில் ஒரு விமானி எப்படி இறங்குகிறார்? இதைப் புரிந்துகொண்டால்தான் அன்று நடந்ததும் புரியும். தெரிந்தவர்களிடம் கேட்டு, எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

விமான நிலையத்தின் அருகே சிறு வானொலி நிலையம் ஒன்று இடைவிடாமல் ஓர் ஒலியை அனுப்பிக்கொண்டேயிருக்கும். விமானத்தில் ஒரு முள் உண்டு. அந்த நிலையம் எந்தத் திக்கில் இருக்கிறதோ அந்தத் திக்கை முள் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டு விமானி ஓடுபாதைக்கு நேரே வரலாம். ஆனால் அந்த முள் திசையைத்தான் காட்டுமே தவிர, எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று சொல்லாது. இன்னொரு குறையும் அதற்கு உண்டு. பக்கத்தில் இடி மின்னல் இருந்தால் முள் வானொலி நிலையத்தை விட்டுவிட்டு மின்னலின் பக்கம் திரும்பிப் பார்க்கும். மழைக் காலத்தில் நம் வீட்டு ரேடியோ கரகரப்பதில்லையா, அதே சமாசாரம்தான். திசையோடு இறங்கும் சரிவையும் காட்டும் மேலான கருவிகளும் உண்டு. ஆனால் 440-ம் விமானம் அன்று இறங்க வந்தது முள்ளை நம்பித்தான்.

முள்ளை நம்பி வருகிறவருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. இன்ன உயரம் வரையில் மேகத்துக்குள்ளும் புழுதிக்குள்ளும் இறங்கி வரலாம். அந்த உயரத்தை அடைந்ததும் வெளியே பார்க்க வேண்டும். ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிந்தால் மேலே தொடரலாம். தெரியாவிட்டால் ஓர் அடி கூடக் கீழே போகக் கூடாது. இயந்திரங்களுக்கு முழு வேகம் கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். சுற்றி வந்து மறுபடி முயலலாம். அல்லது வேறு ஊருக்குப் போய்விடலாம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், ஒவ்வொரு ஓடுபாதைக்கும் அந்த உயரத்தைக் கணக்குப் பண்ணி அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள மரம், கட்டடம், மின்சாரக் கம்பம் எல்லாவற்றையும் அளந்து பார்த்துப் போட்ட கணக்கு. ஆகாயத்தில் கிழித்த கோடு அது. கண்ணுக்குத் தெரியாது. உயரம் காட்டும் கடிகாரத்தின் முள்ளிலும் விமானியின் மனத்திலும் மாத்திரம் இருக்கிறது.

அன்றிரவு 440-ம் விமானம் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிற்று.

ஓடுபாதை தெரியவில்லை, இருந்தும் விமானம் திரும்பவில்லை. புழுதியையும் மழையையும் கிழித்துக்கொண்டு இறங்கியது. விமான நிலையத்தை எட்டுமுன் உயர் அழுத்த மின்சாரக் கம்பிகளில் மோதிற்று. தரையில் விழுந்து தீப்பற்றியது. 65 பேரில் 48 பேர் மாண்டார்கள். 17 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் விமானத்தின் முன்பகுதியில் இருந்தவர்கள் என்று கம்பெனியின் சார்பில் சொன்னார்கள். பிரயாணிகள் எங்கே உட்காருகிறோம் என்பதைப் பற்றி யோசிப்பதேயில்லை. ஜன்னல் ஓரம் கிடைத்ததா என்பதுதான் நமக்குக் கவலை. அந்த இரவில் இரண்டு வரிசைக்கு நடுவே ஜீவனும் மரணமும் பிரிந்து நின்றன.

மோகன் குமாரமங்கலம் காது கேட்பதற்குக் கருவி வைத்துக்கொள்பவர். அவர் உடலை அந்தக் கருவியைக் கொண்டுதான் அடையாளம் கண்டார்கள். கோர்ட்டிலும் பார்லிமெண்டிலும் எத்தனையோ குரல்களை அவருக்குக் கொண்டு வந்து சேர்த்த கருவி. கடைசியில் அவரை அவர்தான் என்று சொல்வதற்கு அதுதான் மிச்சமிருந்தது. அப்போது அவருக்கு 56 வயது. பாலதண்டாயுதமும் குர்னாம் சிங்கும் தேவகி கோபிதாஸும் அதே தீயில் போனார்கள்.

விசாரணை நடந்தது. அதன் முடிவு ஒரே வாக்கியத்தில் அடங்கும்: இறங்கக் கூடிய குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே விமானி இறங்கியதும், ஓடுபாதை தெரியாத நிலையில் மேலே ஏறித் திரும்பாததுமே விபத்துக்குக் காரணம்.

இந்த வாக்கியத்தை முதலில் படித்தபோது எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. நாவல் எழுதிப் பழகிய மனம் அல்லவா? ஏன் இறங்கினார், ஏன் திரும்பவில்லை என்று கேட்டது. உள்ளே ஒரு மந்திரி இருக்கிறார், அவரைக் காலா காலத்தில் கொண்டு சேர்க்க வேண்டும் என்று நினைத்தாரோ? ஒரு கணம் விளக்கு மாதிரி ஏதோ தெரிந்து ஏமாந்தாரோ? இதோ, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நப்பாசை இழுத்துக்கொண்டு போயிற்றோ? இவற்றில் ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயம் எழுதிவிடலாம். எழுதினால் நன்றாகவும் இருக்கும். ஆனால் விசாரணை கண்ட காரணத்தில் இவையெல்லாம் இல்லை. ஒரு மனிதரின் மனத்துக்குள் நான் நுழைந்து இதுதான் நடந்தது என்று எழுதினால், அது அவருக்கும் அநியாயம், மாண்டவர்களுக்கும் அநியாயம். ஆகவே அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

சரித்திரக்காரர்களுக்கும் இதே மாதிரி ஓர் ஆசை உண்டு. மோகன் குமாரமங்கலம் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு வருஷம் கழித்து, 1975 ஜூன் மாதத்தில் நெருக்கடி நிலை வந்தபோது அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று சிலர் சொல்கிறார்கள். அவர் இருந்திருந்தால் அது இன்னும் கெட்டியாக வேரூன்றியிருக்கும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நீதிபதிகள் விஷயத்தில் அவர் நின்ற நிலையை எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்ல வேண்டியவர் வாய் பேசாமல் போய்விட்டார். நடந்ததை மட்டும் சொல்லுவோம்.

நடந்தது இதுதான். ஒரே இரவில் இரண்டு லோக் சபைத் தொகுதிகள் காலியாயின: புதுச்சேரி, கோயமுத்தூர். 1974-ல் இடைத்தேர்தல் வந்தது. கோயமுத்தூரில் பாலதண்டாயுதத்தின் இடத்துக்குக் கம்யூனிஸ்டுக் கட்சி நிறுத்தி வைத்தது பார்வதி கிருஷ்ணனை. அவர் யார் தெரியுமா? மோகன் குமாரமங்கலத்தின் உடன்பிறந்த சகோதரி. அண்ணன் கட்சியை விட்டுப் போனபோதும் தங்கை போகவில்லை. 1957-லேயே கோயமுத்தூரிலிருந்து லோக் சபைக்குப் போனவர். மில் தொழிலாளர் நடுவே வேலை செய்தவர். அண்ணனையும் தோழரையும் ஒரே விமானத்தில் பறிகொடுத்த அந்த அம்மாள், தோழர் விட்டுப் போன இடத்துக்காக வீதி வீதியாக ஓட்டுக் கேட்டு நடந்தார், ஜெயித்தார். 1977-ல் மறுபடியும் ஜெயித்தார். 2014-ல் கோயமுத்தூரிலேயே காலமானார்.

பாட்டனார் அந்தத் தாளை ஏன் பெட்டியில் வைத்தார் என்று அப்பாவைக் கேட்டேன். "அந்த அம்மா எங்க வீதிக்கு ஓட்டுக் கேக்க வந்தப்போ, தாத்தா அந்தப் பேப்பரைக் கையிலே வெச்சுக்கிட்டு நின்னாரு. காட்டோணும்னு எடுத்துட்டுப் போனவரு காட்டவே இல்லே. திரும்பி வந்து பெட்டியிலே வெச்சுப் போட்டாரு" என்றார். எழுதப் படிக்கச் சிரமப்பட்ட மனிதர் அவர். எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மோகன் குமாரமங்கலத்தின் மகன் ரங்கராஜனுக்குத் தகப்பனார் இறந்தபோது 21 வயது. பின்னாளில் அவரும் மத்திய மந்திரியானார். 2000-ம் வருஷத்தில், 48-வது வயதில், நோயினால் காலமானார்.

இந்த விபத்துக்குப் பிறகு ஆகாய சாஸ்திரம் வெகு தூரம் முன்னேறிவிட்டது. 1975 ஜூன் 24-ந் தேதி நியூயார்க்கில் இடிமழையின் நடுவே இறங்க வந்த ஒரு ஜெட் விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. தெத்சுயா புஜிதா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அந்த விபத்தை ஆராய்ந்தார். சிகாகோ சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தவர் அவர். இடிமேகத்திலிருந்து கீழே விழும் காற்று ஒரு விமானத்தையே தரையில் அழுத்திவிட வல்லது என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள். இன்று அந்தக் காற்றைத் தூரத்திலேயே கண்டு எச்சரிக்கும் கருவிகள் விமானத்திலும் இருக்கின்றன, தரையிலும் இருக்கின்றன. தரை நெருங்கினால் வாய் விட்டுக் கூவி எச்சரிக்கும் யந்திரமும் இருக்கிறது. டில்லியிலோ, அடர்ந்த பனிமூட்டத்திலும் இறங்க வழி செய்திருக்கிறார்கள்.

இத்தனை இருந்தும், 2020 ஆகஸ்டு 7-ந் தேதி நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துபாயிலிருந்து 190 பேரோடு கோழிக்கோட்டுக்கு வந்த விமானம் கொட்டும் மழையில் ஒருமுறை இறங்க முயன்று, மேலே ஏறிவிட்டது. இரண்டாம் முறை பின்னாலிருந்து காற்றுத் தள்ளிக்கொண்டு வர, ஓடுபாதையில் சுமார் பாதித் தூரம் கழிந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மலை மேல் மேஜை போல அமைந்த விமான நிலையம் அது. ஓடுபாதை முடிந்த இடத்தில் சரிவில் பாய்ந்து விமானம் துண்டுகளாயிற்று. விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். அங்கேயும் விசாரணை சொன்னது ஏறக்குறைய அதே சங்கதிதான்: இறக்கம் சரியில்லை என்று தெரிந்தபோது மேலே ஏறியிருக்க வேண்டும்; ஏறவில்லை. முதல் முறை அதைச் செய்தவர்களுக்கு இரண்டாம் முறை அது முடியாமல் போயிற்று. கருவிகள் மாறின, கோட்டில் நின்று யோசிக்க வேண்டிய மனித மனம் மாத்திரம் மாறவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்துவிட்டவனுக்குத் திரும்பிப் போவதைப் போன்ற கஷ்டம் வேறு இல்லை. நூறு மைலுக்கு அப்பால் திரும்பச் சொன்னால் திரும்பிவிடுவான். கதவைத் தட்டக் கை நீட்டியவனிடம் சொன்னால் கேட்க மாட்டான். விமானிக்கும் அப்படித்தான். ஆயிரம் மைல் பறந்து வந்தாகிவிட்டது. இன்னும் சில நூறு அடிதான் பாக்கி. பின்னால் இருக்கும் ஜனங்கள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார்கள். அந்த இடத்தில் 'வேண்டாம்' என்று சொல்லி மேலே ஏறுவதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! அதைச் செய்தவருக்கு நாம் கொடுக்கும் பட்டம் பயந்தாங்கொள்ளி.

விழுந்த விமானத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன, கமிஷன்கள் விசாரிக்கின்றன, என்னைப் போன்றவர்கள் ஐம்பது வருஷம் கழித்தும் கட்டுரை எழுதுகிறோம். விழாத விமானத்துக்குச் சரித்திரம் கிடையாது. திரும்பிப் போய் வேறு ஊரில் பத்திரமாக இறக்கிய விமானியின் பெயர் ஒரு தாளிலும் வருவதில்லை. எந்தத் தொழிலாளியும் அதைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைப்பதில்லை. நிச்சயதார்த்தம் தவறியது, முகூர்த்தம் தவறியது, வியாபாரம் கெட்டது என்ற வசவுகள்தான் அவருக்குக் கிடைக்கும் சன்மானம்.

நான் போக முடியாத அந்தக் கல்யாணத்துப் பெண் தை மாதத்தில் புருஷனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "மாமா, முகூர்த்தத்துக்கு வராமே ஏமாத்திப்புட்டீங்களே" என்று குறைப்பட்டுக்கொண்டாள். மழை, விமானம், பெங்களூர் என்று வழக்கமான சமாதானத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கூடம் வரையில் வந்தேன். புதுப் பெண், தலை நிறையப் பூ. எரிந்த விமானத்தின் படத்தை அவளிடம் காட்டுவதா?

நானும் காட்டவில்லை. "அடுத்த தடவை சீமந்தத்துக்கு நாலு நாள் முன்னாலேயே ரயிலில் வந்துவிடுகிறேன், அம்மா" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தாளைப் பழையபடி மடித்துப் பெட்டியில் வைத்தேன். அந்த விமானியின் பெயரை அன்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனோமே என்ற வருத்தம் மட்டும் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.